காக்கர் ஸ்பேனியல்: ஷோ லைனா, ஒர்க்கிங் லைனா? அரியமானில் ஆரம்பித்த குழப்பம்

உச்சிப்புளிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் மிட்டாய் என்று ஒரு காக்கர் ஸ்பேனியல் இருக்கிறாள். நான்கு வயது, தங்க நிறம், மதுரையில் வாங்கியது. நடந்தால் காது தரையைக் கூட்டும். தண்ணீர் குடித்தால் காதும் சேர்ந்து குடிக்கும்.

போன ஞாயிறு விடியலில் அரியமான் கடற்கரையில் ஒருவர் ஒரு நாயை அவிழ்த்து விட்டிருந்தார். கறுப்பு வெள்ளை, ஒல்லி உடம்பு, குட்டைக் காது, வாலில் பாதியைக் காணோம். "என்ன கலப்புங்க?" என்று கேட்டேன். "கலப்பு இல்லை, காக்கர்தான். உங்களோடதும் அதேதான்" என்றார். நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் சிரிப்பு வரவில்லை.

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. மச்சான் அடுத்த வருடம் லண்டன் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கே வருகிறார். அங்கே ஒரு பண்ணைக்காரரிடம் ஒர்க்கிங் லைன் ஸ்பிரிங்கர் ஸ்பேனியல் குட்டி கிடைக்குமாம், எடுத்து வளர்த்துக் கூடவே கொண்டு வரட்டுமா என்கிறார். பையன் இப்போதே பெயர் வைத்துவிட்டான். ஷோ லைன், ஒர்க்கிங் லைன் என்கிறார்களே, இந்த இரண்டுக்கும் அப்படி என்ன வித்தியாசம்? நம்ம கடற்கரைக்கு எது சரிப்படும்?

தேவிபட்டினத்தான்

தம்பி, அந்த நாய் என்னுடையதுதான். பெயர் கரிச்சான். குண்டுக்கரிச்சான் குருவியின் நிறம் என்பதால் அந்தப் பெயர். நீங்கள் சிரித்ததில் வருத்தமில்லை, இங்கே எல்லோரும் அப்படித்தான் சிரிக்கிறார்கள்.

பதினோரு வருடம் இங்கிலாந்தில் இருந்தேன். அங்கே கிராமப்புறத்தில் ஸ்பேனியல் என்றாலே முதலில் நினைவுக்கு வருவது வேட்டைதான். துப்பாக்கிக்காரருக்கு முன்னால் புதருக்குள் புகுந்து, ஒளிந்திருக்கும் பறவையைக் கிளப்பிவிடுவதுதான் இதன் தொழில். குண்டு எட்டும் தூரத்துக்குள் மட்டும் தேட வேண்டும். பறவை எழுந்ததும் துரத்தாமல் பொத்தென்று உட்கார வேண்டும். விழுந்த பறவையைச் சொன்ன பிறகு போய், பல் படாமல் வாயில் ஏந்திவந்து கையில் தர வேண்டும். உட்காக் என்ற பறவையைக் கிளப்பியதால் காக்கர், பறவையைத் துள்ளி எழவைத்ததால் ஸ்பிரிங்கர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டும் ஒரே ஈற்றில் பிறந்ததுண்டு. ஏறக்குறைய 11 கிலோவுக்குள் நின்றால் காக்கர், அதைத் தாண்டினால் ஸ்பிரிங்கர், அவ்வளவுதான் கணக்கு. நாய் இனங்களைப் பதிவு செய்யும் அங்குள்ள கென்னல் கிளப் ஸ்பிரிங்கரைத் தனி இனமாக ஏற்றதே 1902-இல்தான்.

பிறகு பாதை பிரிந்தது. ஒரு கூட்டம் நாயைக் கண்காட்சி மேடையில் ஏற்றியது, அதுதான் ஷோ லைன். 1899-இல் ஸ்பேனியல்களுக்கென்று வேட்டைத் திறனைப் பார்க்கும் களப்போட்டி வந்தது, இன்னொரு கூட்டம் அந்தப் பக்கம் போனது, அது ஒர்க்கிங் லைன். மேடையில் நடுவர் கண்ணால் பார்க்கலாம், கையால் தடவலாம், நடக்கவிட்டுப் பார்க்கலாம். மூக்கைச் சோதிக்க அங்கே வழியில்லை. களத்திலோ மூக்கும் கால்களும் சொல் கேட்பதும்தான் பேச்சு, முடியை யாரும் பார்ப்பதில்லை. இரு கூட்டமும் ஒருவர் கிடாநாயை இன்னொருவர் கேட்பதை நிறுத்தி, அப்படியே தலைமுறை தலைமுறையாக ஓட்டினால் என்ன ஆகும்? அரியமானில் நீங்கள் பார்த்ததுதான்.

மிட்டாயையும் கரிச்சானையும் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். மிட்டாய்க்கு மண்டை குவிந்திருக்கும், காது தாழ்வாகக் கண்ணின் மட்டத்தில் தொடங்கும், உதடு தொங்கும், காலுக்குப் பாவாடை கட்டியது போல முடி. கரிச்சானுக்கு மண்டை தட்டை, காது மேலே ஏறிக் குட்டையாக இருக்கும், உதடு பல்லோடு ஒட்டியிருக்கும், காலில் முடி பேருக்குத்தான். அவன் வால் பாதியானதற்கு விபத்து காரணமில்லை. இங்கிலாந்தில் 2006-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் வால் வெட்டுவதைத் தடை செய்தபோது வேலை நாய்களுக்கு மட்டும் விலக்கு தந்தது. முள்ளில் அடித்து அடித்து வால் நுனி புண்ணாகும் என்பது அதற்குச் சொன்ன காரணம்.

உடம்பை விட முக்கியம் உள்ளே ஓடும் மோட்டார். அதை நாளைக்கு எழுதுகிறேன், கரிச்சான் கதவைப் பிறாண்டுகிறான்.

சாயல்குடி_கன்னி

இதுக்குத்தான் சொல்கிறோம், வெள்ளைக்காரன் நாயே வேண்டாம் என்று. கன்னி, சிப்பிப்பாறையை எடுத்துக்கொள்ளுங்கள். முயலுக்குப் பின்னால் ஓடிப் பிழைத்த இனம், உடம்பே அதற்குச் சாட்சி. இப்போது நம் நாய்களையும் மேடைக்குக் கொண்டுபோய் உயரம் போதாது, முதுகு வளைவு போதாது என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். ராஜபாளையத்தில் தூய வெள்ளை நிறத்துக்கே ஆளாய்ப் பறந்து, காது கேட்காத குட்டிகளைப் பார்த்தது போதாதா?

பாம்பன்_பாசிக்காரி

அண்ணே, அவர் கேட்டது ஸ்பேனியல் பற்றி.

மதுரை_மேடை

ஷோ பக்கம் நின்று ஒருவராவது பேச வேண்டும். பதினைந்து வருடமாக காக்கர் வளர்க்கிறேன், மேடையும் ஏற்றியிருக்கிறேன்.

தேவிபட்டினம் அண்ணன் சொன்ன வரலாறு சரி. ஆனால் மேடைக்காரர்கள் வெறும் முடிக்கு வளர்த்தார்கள் என்பது பாதி உண்மைதான். மேடையில் நாய் முன்பின் தெரியாத ஆளின் கையில் வாயைத் திறந்து காட்ட வேண்டும், நூறு நாய்க்கு நடுவில் நிதானமாக நிற்க வேண்டும். அதுவும் ஒரு தேர்வுதான். வீட்டில் கிடந்து, குழந்தையின் காலடியில் தூங்கி, மாலையில் ஒரு நடை போனால் போதும் என்கிற காக்கர் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? ஹெச்.எஸ். லாய்ட் என்பவர் வளர்த்த, 'ஆஃப் வேர்' என்று பெயர் முடியும் காக்கர்கள் 1930-க்கும் 1950-க்கும் நடுவில் க்ரஃப்ட்ஸ் என்ற பெரிய நாய்க் கண்காட்சியில் ஆறு முறை ஒட்டுமொத்த முதல் பரிசு வாங்கின. ஊர் ஊருக்கு காக்கர் வீட்டு நாயானதில் அந்தப் புகழுக்கும் பங்கு உண்டு.

இன்னொன்று. இங்கிலாந்தில் ஸ்பேனியல் மேடையில் மட்டும் வென்றால் 'ஷோ சாம்பியன்' என்ற பட்டத்தோடு நிற்கும். வெறும் 'சாம்பியன்' என்று போட வேண்டுமானால் களத்திலும் ஒரு தகுதித் தேர்வு தேற வேண்டும். மேடைக்காரர்கள் வேலையை அடியோடு மறந்துவிடவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

உச்சிப்புளித் தம்பிக்கு: நம் ஊரில் இரண்டு லைனுக்கும் கே.சி.ஐ. என்ற இந்திய கென்னல் கிளப் தரும் வம்சாவளித் தாளில் ஒரே பெயர்தான் இருக்கும், இங்கிலிஷ் காக்கர் ஸ்பேனியல் என்று. அதனால் தாளில் இனத்தின் பெயரைப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். தாயும் தகப்பனும் தாத்தாவும் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். பெயருக்கு முன்னால் களப்போட்டி சாம்பியன் என்று வரிசையாக நின்றால் ஒர்க்கிங், ஷோ சாம்பியன் என்று நின்றால் ஷோ. தாளே இல்லாத ஒல்லிக் குட்டியை 'ஒர்க்கிங் லைன்' என்று இரட்டை விலைக்கு விற்பவர்களும் வந்துவிட்டார்கள், அதையும் சொல்லிவைக்கிறேன்.

உச்சிப்புளிக்காரன்

சார், மிட்டாய்க்குத் தாளே கிடையாது. விற்றவர் தாளை அப்புறம் அனுப்புகிறேன் என்றார். நான்கு வருடமாக அந்த அப்புறம் வரவில்லை. முகம் கொஞ்சம் சப்பையாக இருக்கும்.

மதுரை_மேடை

அப்படியானால் எங்கோ அமெரிக்க காக்கர் கலந்திருக்கலாம். அமெரிக்க கென்னல் கிளப் 1946-இல் இரண்டையும் தனித்தனி இனமாகப் பிரித்தது. மண்டை உருண்டு, மூக்கு குட்டையாகி, முடி இன்னும் நீண்டது அந்தப் பக்கம். பார்க்க அழகு, பராமரிக்கத் தலைவலி.

தேவிபட்டினத்தான்

விட்ட இடத்திலிருந்து வருகிறேன். மோட்டார்.

அரியமானில் நீங்கள் வருவதற்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். வாடைக் காற்று முகத்தில் அடிக்கிறது. கரிச்சானை உட்காரவைத்து விசிலை ஒருமுறை ஊதினேன். எனக்கு இடப்பக்கம் இருபதடி ஓடினான், திரும்பினான், முன்னால் குறுக்கே கடந்து வலப்பக்கம் இருபதடி. மறுபடி இடம், மறுபடி வலம். பரமக்குடித் தறியில் நாடா ஓடுவதைப் பார்த்திருக்கிறீர்களா, அதேதான். ஒரு முழம் மணலைக்கூட விடாமல் காற்றைத் துழாவிக்கொண்டே போகிறான். வாசனை பட்டதும் பாதி வால் சிலிர்க்கும் வேகத்தில் ஆடும். அதைக் கண்டால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு இருந்தது ஒரு கிழிந்த வலைத்துண்டும் அதில் காய்ந்த நண்டும். இந்தக் குறுக்கோட்டத்தை நான் சொல்லித்தந்தது கொஞ்சம், பிறப்பிலேயே வந்தது மிச்சம்.

இது கடற்கரையில் அழகு. வீட்டில்? முதல் ஆறு மாதம் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. கொல்லைப்புறக் கருவேலங்காட்டில் கவுதாரி கத்தினால் போதும், கம்பிவேலிக்கு அடியில் குழி தோண்டிப் போய்விடுவான். ஒருநாள் பக்கத்து வீட்டு அத்தையின் கோழியை வாயில் கவ்விக்கொண்டு வாசலில் வந்து உட்கார்ந்தான். எனக்கு உயிரே போய்விட்டது. கையை நீட்டினேன், கொடுத்தான். கோழி கண்ணைச் சிமிட்டியது. ஓர் இறகு உதிரவில்லை, ஒரு பல் தடம் இல்லை, எச்சிலில் நனைந்திருந்தது, அவ்வளவுதான். அதுதான் அந்த வாயின் அருமை. அத்தைக்கு அந்த அருமை புரியவில்லை. இரண்டு கோழிக்கு விலை வாங்கினார். ஒன்று பயத்தில் முட்டையிடாமல் போனதற்காம்.

ஒர்க்கிங் லைன் என்றால் நிறைய ஓடவிட வேண்டும் என்று சொல்வார்கள். அது பாதி தப்பு. பந்தை எறிந்து எறிந்து ஓடவிட்டால் உடம்புதான் தேறும், அடுத்த மாதம் இன்னும் அதிகம் ஓடக் கேட்கும். மூக்குக்கு வேலை கொடுத்தால்தான் அடங்கும். தீப்பெட்டிக்குள் நான்கு கிராம்பைப் போட்டு சவுக்குத் தோப்பில் ஒளித்துவைக்கிறேன். கால் மணி நேரம் தேடினால் அன்றைக்குப் பகல் முழுக்கத் தூங்குகிறான். இங்கிலாந்தில் விமான நிலையத்திலும் துறைமுகத்திலும் ஸ்பேனியல்களை மோப்பத்துக்கு வைத்திருப்பது இந்தச் சலியாத தேடலுக்காகத்தான். அவற்றில் பெரும்பாலும் ஒர்க்கிங் லைன்.

கீழக்கரை_கூழைக்கடா

பறவை பார்ப்பவன் என்ற முறையில் ஒரு வேண்டுகோள். 1972 வன உயிர்ச் சட்டப்படி இங்கே பறவை வேட்டை கிடையாது. நாய் கவுதாரியைத் துரத்திப் பிடித்தாலும் அது வேட்டைதான், நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலச்செல்வனூர் பறவைச் சரணாலயங்கள் பக்கம் நாயோடு போகவே வேண்டாம். கோடையில் இன்னும் கவனம். ஆலாவும் உப்புக்கொத்தியும் வெறும் மணலில் முட்டையிடும். நம் கண்ணுக்குக் கூழாங்கல் மாதிரிதான் தெரியும், ஸ்பேனியல் மூக்குக்கு அப்படித் தெரியாது. தனுஷ்கோடியில் பூநாரைக் கூட்டத்துக்குள் நாயை ஓடவிட்டு வீடியோ எடுத்த ஒரு புண்ணியவானைப் பார்த்து வயிறு எரிந்தது.

தேவிபட்டினத்தான்

சரியாகச் சொன்னீர்கள் காக்கா. மார்கழி முதல் சித்திரை வரை நீளக் கயிறு இல்லாமல் கரிச்சானைக் கரைக்குக் கூட்டிப் போவதில்லை. தம்பி பார்த்த அன்றும் இருபது அடிக் கயிறு இடுப்பில் இழுபட்டுக்கொண்டுதான் இருந்தது, தூரத்தில் தெரிந்திருக்காது.

பரமக்குடி_கால்நடை

மருத்துவராக நான் பார்ப்பதை எழுதுகிறேன்.

ஷோ லைன் காக்கர் என்னிடம் வந்தால் நான் முதலில் தூக்கிப் பார்ப்பது காதைத்தான். கனமான, முடி அடர்ந்த காது மூடியே கிடக்கும். உள்ளே காற்று போகாது. நம் கடற்கரை ஈரப்பதத்தில் அது ஊறிய துணி மாதிரி. கடலில் குளிக்கவிட்டுத் துடைக்காமல் விட்டால் நான்கைந்து நாளில் தலையை உதறும், ஒரு பக்கம் சாய்த்து நடக்கும், அப்புறம் நாற்றம். காதின் உள்பக்க முடியைக் குறைத்து வெட்டி, கடலுக்குப் போய்வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவி உலர்த்தினால் பாதிப் பிரச்சினை வராது. குச்சியில் பஞ்சைச் சுற்றி உள்ளே விடாதீர்கள். அழுக்கு இன்னும் ஆழத்துக்குத்தான் போகும்.

அடுத்தது பாதம். ராவணன் மீசை, நெருஞ்சி, ஒட்டுப்புல் மூன்றும் நம் மணலில் உண்டு. விரலிடுக்கு முடியில் ஒட்டிய புல்லின் கூர் தோலைத் துளைத்து உள்ளே நகர்ந்துகொண்டே போகும். சீழ்க்கட்டி என்று அறுத்தால் உள்ளே புல் இருக்கும். இதில் கரிச்சான் மாதிரி நாய் தப்பிக்கும் என்று நினைக்காதீர்கள். முடி குறைவு, ஆனால் முள்ளுக்குள் தலையை விடுவது அதுதான். அது காயத்தோடும் ஓடும், நொண்டாது. மாலையில் நீங்கள்தான் தடவிப் பார்க்க வேண்டும். உண்ணியும் அப்படியே. உண்ணிக் காய்ச்சலில் ஷோ லைன் நாய் முதல் நாளே சோற்றை விடும், வீட்டார் கூட்டி வந்துவிடுவார்கள். ஒர்க்கிங் நாய் ஓடிக்கொண்டே இருந்துவிட்டு, ஈறு வெளுத்த பிறகு வந்து சேரும்.

வெயிலுக்கு என்று முழு உடம்பையும் மழிக்கக் கேட்பவர்கள் நிறைய. பட்டுப் போன்ற மேல்முடி போனால் பல நாய்களுக்குத் திரும்பப் பஞ்சு மாதிரிதான் முளைக்கும், அது இன்னும் சிக்கும். வயிறு, அக்குள், காதடி, பாதம் மட்டும் குறைத்தால் போதும். பங்குனி, சித்திரையில் காலை ஆறரைக்குள் நடையை முடியுங்கள். ஒர்க்கிங் நாய் தானாக நிற்காது என்பதால் வெப்பத்தாக்கு ஆபத்து அதற்குத்தான் கூடுதல். நாக்கு கரண்டி மாதிரி நுனியில் விரிந்து தொங்கினால் அன்றைய ஆட்டம் முடிந்தது.

குட்டி எங்கிருந்து எடுத்தாலும் பி.ஆர்.ஏ. என்ற விழித்திரைச் சிதைவுக்கு மரபணுச் சோதனை கேளுங்கள். அந்த நோய் இரண்டு லைனிலும் உண்டு. 'வேலை நாய், அதனால் நோயே வராது' என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

ராமநாதபுரம்_புதுசு

டாக்டர், தங்க நிற காக்கர் திடீரென்று வெறிபிடித்துக் கடிக்கும் என்கிறார்களே, உண்மையா?

பரமக்குடி_கால்நடை

1990களில் பிரிட்டனில் செய்த ஓர் ஆய்வில் ஒரே நிற காக்கர்கள் இரு நிற காக்கர்களை விடக் கொஞ்சம் அதிகம் முறைப்பதாக வந்தது. அதை வைத்துத் தங்க நிறம் எல்லாமே கடிக்கும் என்று சொல்லக்கூடாது. என்னிடம் 'திடீர்க் கடி' என்று வந்தவற்றில் பாதிக்கு மேல் காதுவலி. வலிக்கிற காதைக் குழந்தை இழுத்தால் எந்த நாயும் கடிக்கும்.

பாம்பன்_பாசிக்காரி

எந்த லைனாக இருந்தாலும் கரைவலை இழுக்கிற இடத்துக்குக் கூட்டி வராதீர்கள். வேண்டாத பேத்தை மீனைக் கரையிலேயே எறிந்துவிட்டுப் போவார்கள். போன வருடம் எங்கள் தெரு நாய் ஒன்று அதைத் தின்றுவிட்டு அரை மணியில் பின்காலை இழுத்தது. பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது.

பரமக்குடி_கால்நடை

அக்கா சொன்னதை யாரும் லேசாக எடுக்க வேண்டாம். பேத்தை விஷத்துக்கு முறிவு மருந்து இல்லை. எதையும் வாயில் தூக்கும் ஸ்பேனியலுக்கு 'விடு' என்ற சொல்லைக் கடற்கரைக்குக் கூட்டிப் போவதற்கு முன்பே பழக்குங்கள்.

சாயல்குடி_கன்னி

சரி, நான் கொஞ்சம் சூடாகிவிட்டேன். ஆனால் கேள்வி அப்படியே இருக்கிறது. கன்னிக்கும் இங்கே வேட்டை இல்லை, உங்கள் ஸ்பேனியலுக்கும் இல்லை. வேலை இல்லாத ஊரில் வேலை நாயை எதற்கு வளர்ப்பது?

தேவிபட்டினத்தான்

நியாயமான கேள்விதான் அண்ணே. நான் கரிச்சானை இங்கே வேலைக்கென்று கொண்டு வரவில்லை. அங்கே ஆறு வருடம் கூட இருந்தவனை விட்டுவிட்டு வர மனசில்லை, அவ்வளவுதான். புதிதாக ஒருவர் எடுப்பது வேறு விஷயம். உச்சிப்புளித் தம்பி, உங்களுக்கு நேராகவே சொல்கிறேன். காலையில் முக்கால் மணி, மாலையில் முக்கால் மணி, மழையிலும் தேர்வுக் காலத்திலும் மூக்கு வேலை கொடுக்க வீட்டில் ஆள் உண்டு என்றால் யோசியுங்கள். இல்லையென்றால் ஸ்பிரிங்கர் வேண்டாம். கரிச்சான் காக்கர், சின்ன உடம்பு. ஸ்பிரிங்கர் ஒன்றரை மடங்கு நாய், அதே மோட்டார்.

மச்சானிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். 2016-இல் வணிகத்துக்காக நாய் கொண்டு வருவதைக் கட்டுப்படுத்தினார்கள். நாடு திரும்புகிறவர் தன் சொந்த வளர்ப்பு நாயைக் கொண்டு வரலாம், ஆனால் ரேபிஸ் தடுப்பூசி, நலச் சான்று, தனிமைப்படுத்தல் நிலையத்தின் தடையில்லாச் சான்று எல்லாம் கையில் இருக்க வேண்டும். நான் சென்னை வழியாகக் கொண்டு வந்தேன். சான்றுக்கு அலைந்த கதையை எழுதினால் இந்த இழை போதாது.

மதுரை_மேடை

மிட்டாய்க்கும் அந்தக் கிராம்பு விளையாட்டைக் காட்டுங்கள் தம்பி. ஷோ லைன் என்றால் மூக்கை அறுத்தா அனுப்பினோம்?

உச்சிப்புளிக்காரன்

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். மச்சானிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பையன் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தீப்பெட்டியும் கிராம்பும் எடுத்துக்கொண்டு அவனே வந்தான்.

முதல் நாள் அறைக்குள் வைத்தோம். மிட்டாய் தீப்பெட்டியைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், படுத்துக்கொண்டாள். ஐந்தாம் நாள் திண்ணையில் கருவாட்டுக் கூடைக்குப் பின்னால் வைத்தான். அது தப்பான இடம், கூடையைத்தான் கவிழ்ப்பாள் என்று நினைத்தேன். நேற்று தென்னந்தோப்பில், மட்டைக் குவியலுக்கு அடியில். பதினோரு நிமிடம். நடுவில் ஒரு ஓணானோடு பேச்சுவார்த்தை, காதில் ஒரு நெருஞ்சிக் கொத்து. கரிச்சான் மாதிரி குறுக்கும் நெடுக்கும் எல்லாம் இல்லை, சந்தைக்குப் போன பாட்டி மாதிரி ஒவ்வொரு இடமாக நின்று நின்று விசாரித்தாள். கடைசியில் மட்டைக்குள் தலையை விட்டு, பெட்டியை எடுத்துவந்து பையன் கையில் வைத்தாள். வெறும் அட்டைப் பெட்டி. ஒரு மூலைகூட நசுங்கவில்லை.

தேவிபட்டினத்தான்

உள்ளே கிராம்பு நான்கும் இருந்ததா?

உச்சிப்புளிக்காரன்

இருந்தது அண்ணே. கொஞ்சம் ஈரமாக.